நாள் முழுதும் கெட்டிமேளம்

ஒலியைக் கூட்டினால் இசை கூடிவிடும் என்று நம்புகின்ற புதிய மதம் ஒன்று நம்மிடையே வேரூன்றி வருகின்றது. சென்னையிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அதற்கு அடியார்கள் உண்டு. ஆயினும் நான் நன்கறிந்த நிலம் வன்னி. ஆகவே என் வழக்கை அங்கேயே தொடுக்கின்றேன்.

வழக்கு இதுதான். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் திருவிழா மேடைகளில் வாசிக்கப்பட்டு, அங்கேயே பதிவுசெய்யப்பட்டு, பின்னர் யூரியூப்பில் ஏற்றப்படும் மின்னிசைப் பதிவுகளிற் பெரும்பாலானவை செத்த இசையாக இருக்கின்றன. வாசிக்கும் பிள்ளைகளுக்குத் திறமை இல்லை என்று நான் சொல்லவில்லை. நேரிற் பலமுறை கேட்டவன் என்ற முறையிற் சொல்கின்றேன்: திறமை தாராளமாக இருக்கின்றது. மேடையில் இருந்த உயிர் பதிவில் இல்லை. அந்த உயிர் எங்கே போகின்றது, யார் அதைப் போக்குகின்றார்கள், அதை எவ்வாறு மீட்கலாம் என்பதே என் கேள்வி.

அத்தகைய பதிவுகளில் ஏதாவதொன்றைக் கேட்டுப்பாருங்கள். முதல் விநாடியில் எந்த உரப்போ அதே உரப்புத்தான் கடைசி விநாடியிலும். பல்லவியும் அப்படியே, சரணமும் அப்படியே. பாடகர் குரலைத் தாழ்த்துகின்ற இடத்தில் கீபோர்ட் தாழ்வதில்லை. ஒக்டபாட்டின் ஒவ்வோர் அடியும் முந்திய அடியின் நகல். அதே பதிவைக் கணினியில் திறந்தால், மேடும் பள்ளமுமாக இருக்கவேண்டிய அலைவடிவம் மட்டம் பிடித்து வெட்டிய வேலியைப் போல நெடுக நிற்கும்.

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைப் பக்கங்களோடு வாழ்ந்தவன் நான். பக்கத்திலுள்ள எல்லாச் செய்திகளுக்கும் எட்டுப்பத்தித் தலைப்புக் கொடுக்கின்ற உதவி ஆசிரியரை எந்தப் பத்திரிகையும் ஒரு வாரத்துக்குமேல் வைத்திருக்காது. எல்லாமே தலைப்பு என்றால் எதுவுமே தலைப்பல்ல. இசைக்கும் இதே விதிதான். கலியாண வீட்டில் தாலி ஏறும் கணத்தில் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் எழும்ப, தவிலும் நாதஸ்வரமும் ஒருங்கே உச்சத்துக்குப் பாய்கின்றன. அந்த முழக்கம் நெஞ்சை உலுக்குவது உரப்பினால் மட்டுமன்று. அதற்கு முன்பு மேளம் அடங்கி ஒலித்தமையால். விடியற்காலையிலிருந்து பந்தி முடியும்வரை கெட்டிமேளமே கொட்டிக்கொண்டிருந்தால், தாலி எப்போது கட்டப்பட்டது என்று பந்தலில் இருப்பவர் எவருக்கும் தெரியாமற் போகும். நமது பதிவுகள் நாள் முழுதும் கெட்டிமேளம் கொட்டுகின்றன. தாலியைத்தான் காணவில்லை.

குற்றவாளி கீபோர்ட் அல்ல

இதைச் சொன்னவுடன் ஒரு சாரார் மகிழ்ந்துவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். "அதுதானே! இந்தக் கீபோர்ட்டும் ஒக்டபாட்டும் வந்தபிறகுதான் எல்லாம் கெட்டது" என்பது அவர்களின் நெடுநாளைய பல்லவி. அவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை.

மிடி என்ற இணைப்பு முறை 1983இல் வந்தது. மின்னிசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி அது. அந்த மொழியில், ஒரு கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்பதற்கே 1 முதல் 127 வரை படிகள் இருக்கின்றன. அழுத்திய பின்னரும் ஒலியைப் பெருக்கவும் சுருக்கவும் தனிக் கட்டளை இருக்கின்றது. காலால் மிதிக்கும் பெடல் ஒன்றினால் அதைச் செய்யலாம். அதே 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7இன் கட்டைகள் விரலின் வேகத்தை உணர்ந்தன. மெல்லத் தொட்டால் ஒலி சிறுப்பது மட்டுமன்றி அதன் நிறமும் மாறிற்று. 127 படிகளைக் கொடுத்த கருவியில் ஒரேயொரு படியில் நின்று குதிப்பவர் நாமாக இருக்க, கருவியைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

1986இல் வெளிவந்த "புன்னகை மன்னன்" படத்தில் இளையராஜா கணினி வழி இசையைக் கையாண்டார். 1992இல் "ரோஜா" வந்தது, ஏ.ஆர்.ரகுமானின் மின்னொலிகளை அதன்பின் ஒரு தலைமுறையே பின்பற்றிற்று. இந்த இரண்டையும் இன்று கேட்டாலும், வாத்தியம் நுழையும் இடமும் விலகும் இடமும் தெளிவாகத் தெரியும். மௌனத்துக்கு அங்கே இடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. இயந்திரம் உயிரற்றது என்பது உண்மைதான். மத்தளமும் உயிரற்ற தோல்தான். உயிர் கையிலிருந்து வருகின்றது.

உயிர் ஒழுகும் இடங்கள்

அப்படியானால் உயிர் எங்கே ஒழுகுகின்றது? என் கணக்கில் ஐந்து ஓட்டைகள்.

முதலாவது, தாளத் தட்டு. மேடைகளிற் புழங்கும் கீபோர்ட்டுகள் பலவற்றில் ஆயத்தத் தாளக்கட்டுகள் இருக்கின்றன. ஒரு பொத்தானை அமுக்கினால் ட்ரம்ஸ், பாஸ், கிற்றார் எல்லாம் தாமாகவே வாசிக்கத் தொடங்கிவிடும். ஐந்து பேர் செய்யவேண்டிய வேலையை ஒருவரே செய்யலாம் என்பதால் சம்பளம் மிச்சம். ஆனால் அந்தத் தாளக்கட்டு பாடகரைக் கேட்பதில்லை. அவர் உருகினாலும் ஒன்றுதான், பொங்கினாலும் ஒன்றுதான். அதே கருவியில் ஒரே தாளத்துக்கே மென்மையானது, செறிவானது என்று வேறுபாடுகள் வைத்திருக்கின்றார்கள். திருப்பத்துக்கும் நிறுத்தத்துக்கும் பொத்தான்கள் உண்டு. அவற்றைத் தொடுவாரில்லை.

இரண்டாவது, விரல். விரைவுணர்வை அணைத்துவிட்டு வாசிக்கின்ற பழக்கம் பலருக்கு இருக்கின்றது. எப்படித் தொட்டாலும் ஒரே உரப்பு வரும், தவறு தெரியாது. தவறு தெரியாத இடத்தில் திறமையும் தெரியாது என்பதை யாரும் யோசிப்பதில்லை.

மூன்றாவது, பதிவு எடுக்கின்ற இடம். மேடைக்கு எதிரே இருக்கும் மிக்சரிலிருந்து இடம், வலம் என்ற இரண்டு கம்பிகளை மட்டும் எடுத்துப் பதிவுக் கருவியிற் செருகிவிடுகின்றார்கள். அந்தக் கலவை மைதானத்தில் இருப்பவர்களுக்காகச் செய்யப்பட்டது. காற்றுக்கும் கூட்டத்துக்கும் பெட்டிகளின் குறைபாடுகளுக்கும் ஏற்பத் திருத்தப்பட்டது. மேடையிலுள்ள ட்ரம்ஸ் தன் சொந்தக் குரலாலேயே கேட்கும் என்பதால் மிக்சரில் அதைக் குறைத்திருப்பார்கள். பாடகரின் குரலை ஏற்றியிருப்பார்கள். வீட்டில் கேட்பவருக்கு அது கோணலான கலவை. மின்கருவிகளின் ஒலி கம்பிவழி நேரே போவதால் அதில் வெளியின் காற்றும் இல்லை, சனங்களின் மூச்சும் இல்லை. திருவிழாவிற் பதிவுசெய்தோம் என்கின்றார்கள்; அலமாரிக்குள் பதிவுசெய்தது போல இருக்கின்றது.

நான்காவது, நசுக்கி. கொம்பிரசர், லிமிட்டர் என்று இரண்டு கருவிகள் உண்டு. இப்போது அவை கணினிக்குள் மென்பொருளாகவே கிடைக்கின்றன. உரத்த இடங்களை அமுக்கி, அமுக்கியதனாற் கிடைத்த இடைவெளியில் முழுவதையும் உயர்த்துவது அவற்றின் வேலை. அளவாகப் பயன்படுத்தினால் நல்ல பணியாள். அளவு மீறினால் கொலையாளி. தவிலின் தொப்பியில் கோல் விழும் அந்த முதற் கணத்தை, ஒக்டபாட்டின் கூர்மையை, பாடகரின் மூச்சுக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள தூரத்தை அது தின்றுவிடும்.

ஐந்தாவது ஓட்டை நகைப்புக்குரியது. இவ்வளவு பாடுபட்டு உரப்பாக்கிய பதிவை யூரியூப்பில் ஏற்றுகின்றார்கள் அல்லவா? அங்கே ஓர் அளவுகோல் இருக்கின்றது. சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006இல் வகுத்த உரப்பு அளவுமுறையின் வழிவந்தது அது. ஏறத்தாழ மறை 14 என்ற அலகுக்கு மேற்பட்ட உரப்புள்ள பதிவை யூரியூப் தானாகவே தாழ்த்தி ஒலிக்கச் செய்கின்றது. ஸ்பொட்டிஃபையும் வழக்கமாக அதே அளவுக்குத்தான் பாடல்களைக் கொண்டுவருகின்றது. ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010இலேயே தமக்கென மறை 23 என்ற அளவை வகுத்துக்கொண்டார்கள். ஆக, உயிரைக் கொன்று பெற்ற உரப்பை வாயிற்காவலன் வாங்கி வைத்துக்கொள்கின்றான். கொன்ற உயிரை மட்டும் திருப்பித் தருவதில்லை. நசுக்கப்பட்ட பாடலும் நசுக்கப்படாத பாடலும் அங்கே ஒரே உரப்பில் அருகருகே ஒலிக்கும்போது, நசுக்கப்படாததுதான் எழுந்து நிற்கும். மற்றது தட்டையாகப் படுத்துக் கிடக்கும்.

இந்த நோய் நம்முடையது மட்டுமன்று. அமெரிக்காவின் மெட்டாலிக்கா குழு 2008இல் "டெத் மக்னெற்றிக்" என்ற இறுவட்டை வெளியிட்டபோது, அதன் ஒலி நசுங்கிச் சிதைந்திருப்பதாக இரசிகர்களே கொதித்தெழுந்தார்கள். அதே பாடல்கள் ஒரு கணினி விளையாட்டில் நசுக்கப்படாமல் வந்திருந்தமையால் வித்தியாசம் அம்பலமாயிற்று. மீண்டும் கலவை செய்து தருமாறு ஆயிரக்கணக்கானோர் கையொப்பமிட்டுக் கேட்டார்கள். நமது இரசிகர்கள் இன்னும் கேட்கவில்லை. அவர்கள் சார்பில் இந்த ஒற்றைக் கையொப்பம்.

கேட்பது யார், கொடுப்பது யார்?

கிளிநொச்சியில் ஒரு திருவிழா முடிந்த இரவில், கருவிகளைப் பெட்டியிற் கட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞனிடம் இதைப் பற்றிப் பேசினேன். கீபோர்ட் வாசிப்பவன். அன்றிரவு ஒத்திகை நேரத்தில், ஆளில்லாத பந்தலில், மிக மென்மையாக அவன் வாசித்த ஒரு சிறு பகுதியை நான் கேட்டிருந்தேன். மேடையில் அது இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"ஐயா, மெல்ல வாசிச்சா சவுண்ட் காணாது எண்டுவினம். அடுத்த வருசம் வேற குழுவுக்குக் குடுத்திடுவினம். எங்களுக்கும் ஆசை இல்லையே?"

இந்த ஒரு வாக்கியத்தில் முழுக் கதையும் இருக்கின்றது. பிள்ளைக்குத் தெரியும். பரிபாலன சபைக்குத் தெரியாது. காசு கொடுக்கும் உபயகாரர் ஒருவேளை ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், வேலைக்குப் போகும் ரயிலில், கைத்தொலைபேசியின் சிறு ஒலிபெருக்கியிற் கேட்கின்றார். "எங்கட திருவிழா மற்றவர்களின் திருவிழாவைவிடச் சத்தமாக இருந்ததா?" என்பதே அவரின் அளவுகோல். சத்தம் கௌரவமாகிவிட்டது. ஒலிபெருக்கிப் பெட்டிகளின் உயரம் கோயிற் கோபுரத்தோடு போட்டியிடுகின்றது.

இதற்கு உடலியற் காரணமும் உண்டு என்பதை மறுக்கமாட்டேன். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஃபிளெச்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒலி தாழ்வாக இருக்கும்போது நமது காது அடித்தள ஒலிகளைச் சரியாகப் பிடிப்பதில்லை. ஒலி கூடும்போது அவை நிறைவாகக் கேட்கின்றன. ஆகவே ஒரே பாடலைச் சற்றே உரப்பாக ஒலித்தால் அதுவே மேலானது என்று காது முதலில் தீர்ப்பளித்துவிடும். இரண்டு பதிவுகளை அரை நிமிடம் மட்டும் கேட்டுத் தெரிவுசெய்கின்ற உபயகாரர் அநேகமாக உரத்ததையே எடுப்பார். ஆனால் அரை நிமிடத்துத் தீர்ப்பு மூன்று மணி நேரக் கச்சேரிக்குப் பொருந்தாது. ஓய்வில்லாத உரப்பினால் காது களைக்கின்றது. களைத்த காதுக்கு இன்னும் உரப்பு வேண்டியிருக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட நியமத்தில், இசை நிகழ்விடங்களில் சராசரி ஒலி 100 டெசிபெல்லைத் தாண்டலாகாது என்று வரையறுத்திருக்கின்றது. பெட்டிகளுக்கு முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகளை உறங்கவைக்கும் நமது தாய்மாரிடம் இந்தச் செய்தியை யார் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்?

"வெட்டவெளியில், ஜெனரேற்றர் இரைச்சலில், சனத்தின் பேச்சொலியில் மெல்லிய இசை எடுபடாது" என்பது ஒலியமைப்பாளர்களின் மறுமொழி. நியாயமான மறுமொழிதான்; ஆனால் பாதி நியாயம். மைதானத்துக்கு அது பொருந்தும். பதிவுக்கு ஏன் பொருந்தவேண்டும்? மைதானத்தில் உரப்பாக ஒலித்த இசையையே பதிவில் அதன் ஏற்ற இறக்கத்தோடு காப்பாற்ற முடியும். அதற்கு வேண்டியது அக்கறை.

ஆசான்மார் அயலிலேயே இருக்கின்றார்கள்

ஏற்ற இறக்கத்தைக் கற்க நமது பிள்ளைகள் கலிபோர்னியாவிலிருந்து வரும் காணொளிப் பாடங்களைப் பார்க்கின்றார்கள். பார்க்கட்டும்; தவறில்லை. ஆனால் ஆசான்மார் அயற்கிராமத்திலேயே இருக்கின்றார்கள்.

கோயிற் கொடியேற்றத்துக்கு வரும் மேளக் கோஷ்டியை ஊன்றிக் கேளுங்கள். நாதஸ்வரக்காரர் இராகத்தை விரிக்கும்போது தவில் அடங்கி நிற்கும். இடையிடையே மெல்லத் தொட்டுச் செல்லும். கீர்த்தனை தொடங்கியதும் எழும். தனி ஆவர்த்தனத்தில் இரண்டு தவில்கள் மாறிமாறி உரையாடி, சொற்கள் நெருங்கி நெருங்கி, கடைசியில் ஒன்றாக முழங்கும். யாழ்ப்பாணத்துத் தவில் மேதை தெட்சணாமூர்த்தி 1975இல் மறைந்தார். அவரைப் பற்றிப் பேசும்போது மூத்தோர் வேகத்தை மட்டும் சொல்வதில்லை. சொல் சுத்தத்தையும் நாதத்தையும் சொல்வார்கள். அவ்வளவு வேகத்திலும் ஒவ்வோர் அடிக்கும் தனி எடை இருந்தால் மட்டுமே சொல் சுத்தம் என்ற பேச்சுக்கு இடமுண்டு.

முள்ளியவளைப் பக்கத்துக் கோவலன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாவியாரின் கையில் ஒரு மத்தளம், பக்கத்தில் சல்லரி, பின்னால் பிற்பாட்டு. கருவிகள் அவ்வளவுதான். ஆனால் பாத்திரம் வரும்போது எழுகின்ற தாளம் வேறு, கண்ணகி புலம்பும்போது விரல்நுனிக்கு இறங்குகின்ற தாளம் வேறு. விடிய விடிய ஆடப்படும் கூத்தில் சனங்கள் விழித்திருப்பது இந்த ஏற்ற இறக்கத்தினால். அண்ணாவியாரிடம் லிமிட்டர் இல்லை. இருந்திருந்தால் நள்ளிரவுக்கு முன்பே சபை உறங்கியிருக்கும்.

வைகாசியில், முல்லைத்தீவுக் கடலில் எடுத்த தீர்த்தத்தில் விளக்கேற்றி, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலிலிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குக் கொண்டுசெல்லும் பொங்கல் இரவை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கவேண்டியதில்லை. தூரத்திலிருந்து மெல்லக் கேட்கத் தொடங்கி, நெருங்கி, சூழ்ந்து, பின் விலகிச் செல்கின்ற ஒலி அது. ஒலிப் பொறியியலாளர் கணினியில் முக்கி முக்கிச் செய்ய முயல்கின்ற தூரமும் அண்மையும், பெருக்கமும் ஒடுக்கமும் அங்கே நடந்தே வருகின்றன.

செய்யவேண்டியது என்ன?

குறை சொல்பவன் வழியும் சொல்லவேண்டும். நான் ஒலிப் பொறியியலாளன் அல்லன். ஆனால் அத்துறையினரோடு உட்கார்ந்து கேட்டும் படித்தும் தெளிந்தவற்றைச் சொல்கின்றேன். இவற்றில் எதற்கும் பெருஞ் செலவு இல்லை.

ஏற்ற இறக்கம் முதலில் இசையமைப்பிலேயே வரவேண்டும். கலவை செய்பவர் பின்னர் வந்து மந்திரம் போட முடியாது. முதல் சரணத்தில் பாஸை நிறுத்துங்கள். அனுபல்லவியில் ஒக்டபாட் பேசாதிருக்கட்டும். பல்லவிக்குத் திரும்பும் முன் அரை ஆவர்த்தனம் எல்லாக் கருவிகளும் மௌனம் காக்கட்டும். அதன்பின் எல்லாரும் ஒன்றாக நுழைந்தால், ஒரு டெசிபெல் கூட்டாமலே உரப்பு இரட்டித்தாற்போல இருக்கும். நான்கு கீபோர்ட்டுகள் ஒரே சுருதி நிலையில் ஒரே சுரத்தை வாசித்தால் கிடைப்பது கூழ். ஒன்று கீழே, ஒன்று மேலே, ஒன்று இடப்பக்கம், ஒன்று ஓய்வு என்று பிரித்தால் கிடைப்பது வெளி.

அடுத்தது வாசிப்பு. விரைவுணர்வை அணைக்காதீர்கள். பெடலைக் காலடியில் வையுங்கள். வயலின், குழல் ஒலிகளை அந்தப் பெடல் இல்லாமல் வாசிப்பது மூச்சில்லாமற் குழல் ஊதுவதற்குச் சமம். ஆயத்தத் தாளக்கட்டை விடமுடியாது என்றால், குறைந்தது அதன் மென்மையான வடிவத்தைச் சரணத்துக்கும் செறிவான வடிவத்தைப் பல்லவிக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் ஒருவர் கையால் கஞ்சிராவோ டோலக்கோ வாசிக்கட்டும். இயந்திரத் தாளத்துக்கு மேல் ஒரேயொரு மனிதக் கை விழுந்தாற் போதும், முழுத் தாளமும் மூச்சுவிடத் தொடங்கும்.

பதிவில், ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் எடுங்கள். ஒலியமைப்பாளர்களிடம் இப்போதுள்ள டிஜிட்டல் மிக்சர்கள் பலவற்றில், ஒரே யூஎஸ்பி கம்பியால் எல்லாத் தடங்களையும் மடிக்கணினிக்கு அனுப்பும் வசதி இருக்கின்றது. 24 பிற்றிற் பதியுங்கள். உச்சத்தை முட்டாமல் மேலே இடம் விடுங்கள். இறுவட்டின் 16 பிற்றிலேயே ஏறத்தாழ 96 டெசிபெல் இடைவெளி உண்டு. பழைய ஒலிநாடாவில் அதில் ஏறக்குறையப் பாதிதான். தாத்தாவின் திண்ணை அளவு இடத்திலேயே அன்றையவர்கள் ஆடினார்கள். நமக்கு மைதானம் கிடைத்திருக்கின்றது, நாமோ அதன் மூலையில் ஒடுங்கி நிற்கின்றோம். இயன்றால் கீபோர்ட்டின் மிடித் தகவலையும் சேர்த்துப் பதியுங்கள். ஒலி நன்றாக இல்லாவிட்டால் பின்னர் வேறு ஒலியைப் பொருத்தலாம். விரலின் அசைவு மட்டும் அப்படியே இருக்கும்.

மறக்காமல், சனங்களை நோக்கி இரண்டு ஒலிவாங்கிகளை வையுங்கள். கைதட்டும் குழந்தையும் மணியோசையும் அவற்றில்தான் வரும். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்கின்றது. 34 மீற்றருக்கு அப்பால் வைத்த ஒலிவாங்கிக்குப் பாட்டு பத்திலொரு செக்கன் பிந்தி வரும். கலக்கும்போது அந்தப் பிந்தலைச் சரிசெய்துகொண்டால், அலமாரிக்குள் கிடந்த இசை மைதானத்துக்கு வந்துவிடும்.

கலவையில், நசுக்கியை எடுக்குமுன் கையை எடுங்கள். குரல் தாழும் இடத்தில் கீபோர்ட்டையும் தாழ்த்தி, எழும் இடத்தில் எழுப்பி, ஒவ்வொரு தடத்தின் அளவையும் பாட்டோடு சேர்ந்து நகர்த்துங்கள். அதற்குப் பிறகும் நசுக்கி தேவையென்றால், அது உடனே பாயாமல் இருபது முப்பது மில்லி செக்கன் தாமதித்து வேலை தொடங்கும்படி வையுங்கள்; அடியின் முதற் கூர்மை தப்பிப் பிழைக்கும். முடிந்த பாடலை யூரியூப்பின் அளவுக்கு அருகிலேயே விட்டுவிடுங்கள். அதற்கு மேலே ஏற்றுவதெல்லாம் வாயிற்காவலனுக்குக் கட்டும் வரி.

பரிபாலன சபையினருக்கும் உபயகாரருக்கும் ஒரே வேண்டுகோள். அடுத்த திருவிழா ஒப்பந்தத்தில் "எத்தனை பெட்டி?" என்று கேட்பதற்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியையும் எழுதிக்கொள்ளுங்கள்: "பதிவு எத்தனை தடம்?"

ஏன் இவ்வளவு கோபம்?

"வேறு பிரச்சினை இல்லையா? காணி இல்லை, வேலை இல்லை, காணாமற் போனவர்களுக்குப் பதில் இல்லை, நீர் கொம்பிரசரைப் பற்றி எழுதுகின்றீரே" என்று கேட்கக்கூடியவர்கள் இருக்கின்றார்கள். கேள்வி சரியானது. ஆகவே காரணத்தைச் சொல்லி முடிக்கின்றேன்.

1990களில் வன்னியில் மின்சாரமும் இல்லை, மின்கலமும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவில் வந்த சிறு மின்சாரத்தில் வானொலி கேட்ட சனங்கள் அவர்கள். ஒருவர் சுற்ற, பத்துப் பேர் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டார்கள். சுற்றும் கை தளர்ந்தால் ஒலியும் தளரும். மெல்லிய ஒலிக்காக அப்படிக் காத்திருந்தவர்களுக்கு இன்று மெல்லிய இசை விளங்காது என்று சொல்வது அவர்களை அவமதிப்பது.

பின்னர் 2009 வந்தது. வீடுகளோடு ஒலிநாடாப் பெட்டிகளும் போயின. தகப்பன் பாடிய காத்தவராயன் சிந்தும், அண்ணாவியாரின் மத்தளமும், பள்ளிக்கூட விழாவிற் பாடிய பிள்ளையின் குரலும் பதுங்குகுழிகளிலும் வீதியோரங்களிலும் கைவிடப்பட்டன. எத்தனை குடும்பங்களிடம் இறந்தவரின் புகைப்படம் ஒன்று இருக்கின்றது, குரல் இல்லை! ஒரு சமூகத்தின் ஒலி ஆவணம் ஒருமுறை அழிந்துவிட்டது. இப்போது இரண்டாவது முறையாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றது. அதைச் சேர்ப்பவர்கள் இந்தத் திருவிழா மேடைப் பிள்ளைகள்தான். இன்னும் ஐம்பது வருடங்களின் பின் வன்னி எப்படி ஒலித்தது என்று ஒரு பேரப்பிள்ளை தேடினால், அவனுக்குக் கிடைக்கப்போவது இந்தப் பதிவுகளே. முதல் முறை அழித்தது போர். இரண்டாவது முறை நாமே பணம் கொடுத்து, விரும்பி, ஒரு மென்பொருளின் குமிழைத் திருகி அழிப்பதா? நசுக்கிய அலையை எந்தப் பொறியியலாளராலும் முழுதாக மீட்கமுடியாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். கலக்கிய இரண்டு தடங்கள் மட்டுமே கையில் இருந்தால், வருங்காலத்தில் எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் அரைகுறைதான்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கின்றது. அதே பல்கலைக்கழகத்தின் இசைக் கல்வி மருதனார்மடத்தில் இருக்கின்றது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. மின்னணுவியல் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், சுருதியும் இலயமும் தெரிந்தவர்கள் இன்னொரு பக்கம், நடுவில் ஏ9 வீதி. வருடத்துக்கு இரண்டு வாரம் இவர்களை ஒரே கூரையின்கீழ் இருத்தி, கிராமத்து இசைக்குழுப் பிள்ளைகளையும் ஒரு மேளக் கோஷ்டியையும் ஓர் அண்ணாவியாரையும் அழைத்து, ஒலிப்பதிவுப் பட்டறை ஒன்று நடத்துவதற்கு எந்த அமைச்சரின் அனுமதியும் தேவையில்லை. புலம்பெயர்ந்த உறவுகள் ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைச் செலவை அதற்குக் கொடுத்தாற் போதும். அத்தோடு, ஒவ்வொரு திருவிழாவின் நசுக்கப்படாத மூலத் தடங்களும் ஒரு பிரதி கோயிலிலும் ஒரு பிரதி பல்கலைக்கழக நூலகத்திலும் வைக்கப்படட்டும்.

கருவி இருக்கின்றது. கை இருக்கின்றது. கற்பிக்க ஆசானும் இருக்கின்றார். தாலி ஏறும் நேரம்வரை மேளம் சற்றே அடங்கியிருக்கட்டும் என்றுதான் கேட்கின்றேன்.